நஞ்சப்பன் மோந்து சொன்ன புகை

எங்க கடைக்கும் நஞ்சப்பன் வொர்க்‌ஷாப்புக்கும் நடுவுல ஒரே ஒரு தகரந்தானுங்க. காத்தடிச்சா அந்தத் தகரம் தடுக்கும், சாரல் அடிச்சாக்கூடக் கொஞ்சம் தடுக்கும். அவன் புளுகறத மட்டும் தடுத்ததே இல்ல. நான் பஞ்சர் ஒட்டறவன், பேரு மாசிலாமணி. காரமடையில இருந்து மேட்டுப்பாளையம் போற ரோட்டுல பதினெட்டு வருசமா டியூபைத் தண்ணியில முக்கி ஓட்டை தேடிட்டு இருக்கறேன். எவ்வளவு சின்ன ஓட்டையா இருந்தாலும் குமிழி விட்டுக் காட்டிக் குடுத்துரும். நஞ்சப்பன் கதைய மட்டும் எத்தன தடவ முக்கினாலும் ஒரு குமிழி வராது. அவ்வளவு பக்குவமா ஒட்டி வெச்சிருப்பான்.

ஆனா ஒண்ணு சொல்லிப்போடறேன், ஆளு வேலைக்காரன். பழைய பெட்ரோல் வண்டின்னா இந்தச் சுத்துவட்டாரத்துல அவன விட்டா ஆளு கெடையாது. கைய வெச்சா வண்டி ஓடும், வாய வெச்சா வண்டி பறக்கும். ரெண்டையும் ஒரே நேரத்துல வெக்கறப்பதான் வில்லங்கம்.

அன்னிக்குச் சனிக்கிழமை. காலையில எட்டு மணி இருக்கும், வசந்தாமணி தன்னோட ஜீப்ப ஓட்டிட்டு வந்து நிறுத்துச்சு. தோலம்பாளையத்துப் பக்கம் மூணு ஏக்கரா கருவேப்பிலைத் தோட்டம் அதுக்கு. நாப்பது வயசுல ஸ்டியரிங் புடிச்சுப் பழகின பொம்பள. தெனமும் விடியறதுக்குள்ள கருவேப்பிலைக் கட்ட ஏத்திட்டு மண்டிக்கு வந்துரும். ஜீப்பு எழுபத்தி ரெண்டாம் வருசத்து பெட்ரோல் வண்டி, ஆனா சாமி மாதிரி வெச்சிருக்கும். சனிக்கிழமையானா கழுவி, பொட்டு வெச்சு, அங்கங்க எண்ணெய் விட்டு, டயருக்குக்கூடத் தண்ணி தெளிச்சுத்தான் வெளிய எடுக்கும். அன்னிக்கும் பொட்டு ஈரம் காயல. பின்னாடி சைலன்சர்ல இருந்து மட்டும் நீலமா ஒரு புகை, எங்க கடைப் பலகை எழுத்தே தெரியாத அளவுக்கு வந்துட்டிருந்துச்சு.

கூடவே டெம்போவுல சின்னராசு வந்து எறங்குனாரு. பழைய இரும்பு எடுக்கறவரு. கையில இழுத்துட்டுப் போறதுக்குக் கயிறு வெச்சிருந்தாரு. சின்னராசு கயிறோட வந்து வெறுங்கையோட திரும்புனதா சரித்திரமே இல்ல.

வசந்தாமணி விசயத்தச் சுருக்கமாச் சொல்லுச்சு. நாலு மாசமாப் புகையுது. சனி ஞாயிறு தாங்க முடியல, புதன் வியாழன் வந்தா கொஞ்சம் கம்மியாகுது. அப்பறம் மறுபடியும் சனிக்கிழமை ஆரம்பிச்சுருது. நஞ்சப்பன் ஒரு புதன்கிழமை பாத்துட்டு ஒண்ணுமில்ல அம்மிணின்னு அனுப்பிட்டான். இப்ப மண்டிக்காரங்க கருவேப்பிலையில புகை வாசம் அடிக்குதுன்னு கட்ட ஒதுக்கி வெக்கறாங்க. இன்னிக்கு நஞ்சப்பன் சொல்றதுதான் முடிவு. எஞ்சின எறக்கி, சிலிண்டரக் கடைஞ்சு போர் போடணும்னா அந்தச் செலவுக்கு இப்பத் தெம்பு இல்ல, ஜீப்ப சின்னராசு எடுத்துக்கட்டும்னு வாக்குக் குடுத்தாச்சு.

நஞ்சப்பன் வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு வண்டிக்குப் பின்னால குந்துனான். ஒரு இழுப்பு மோந்தான். கண்ண மூடிட்டான். சரி, ஆரம்பிச்சுட்டான்னு நான் ஸ்டூல இழுத்துப் போட்டுக்கிட்டேன்.

புகையில நெறம் பாக்கறது பள்ளிக்கூடத்துப் பாடம் அம்மிணின்னான். கருப்பு வந்தா பெட்ரோல் எச்சாப் போகுது, வெள்ளை வந்தா தண்ணி உள்ள எறங்குது, நீலம் வந்தா ஆயில் எரியுது. இது வழியில போற ஆட்டுக்கும் தெரியும். நான் பாக்கறது வாசம். ஒருக்கா பவானியில குளிச்சுட்டு இருந்தேன், தலையில சீயக்கா. பாலத்து மேல ஒரு காரு போச்சு. கண்ணத் தொறக்கல. நிறுத்துன்னு ஒரு சத்தம் போட்டேன். மூணாவது சிலிண்டர்ல ரெண்டாவது ரிங்க தலகீழா மாட்டியிருக்கான், மாட்டுனவன் இடது கைக்காரன், மாட்டறப்ப வெங்காய பஜ்ஜி தின்னுட்டு இருந்திருக்கான்னு தண்ணிக்குள்ள இருந்தே சொன்னேன். எஞ்சினத் தொறந்து பாத்தா பிஸ்டன் மேல ஒரு துண்டு வெங்காயம். பொன்னாட்டம் வதங்கியிருந்துச்சு. கடலமாவு மட்டும் கொஞ்சம் பழசு.

இடது கைன்னு எப்பிடித் தெரிஞ்சுதுன்னு நான் கேட்டேன். புகை இடப்பக்கமாச் சுத்திட்டு வந்துச்சு மாசிலான்னான். சீயக்காய் கண்ணுல இருந்துச்சே, சுத்துனத எப்பிடிப் பாத்தேன்னு கேட்டேன். அவன் என்னப் பாத்த பார்வையில நாலு டயர் பஞ்சராயிருக்கும்.

வசந்தாமணி சேலைத் தலைப்ப இடுப்புல சொருகிட்டு நின்னுச்சு. "சரிங்ணா. என்ர ஜீப்பு ஏன் புகையுது?"

வாரேன் அம்மிணி, அவசரப்படக் கூடாதுன்னு சொல்லிட்டு பானெட்டத் தொறந்தான். ஒரு ஸ்பார்க் பிளக்கக் கழட்டினான். பிளக்கு நுனி ஆயில்ல நனைஞ்சு பளபளன்னு இருந்துச்சு. அவன் மூஞ்சி கொஞ்சம் சுருங்குச்சு. நான் பாத்துட்டேன். அவனுக்கு மூஞ்சி சுருங்குனா அடுத்த கதை பெருசா வரும்.

வந்துச்சு. கோத்தகிரியில இருந்து ஒரு எஸ்டேட்காரரு பெட்ரோல் காரு எறங்கி வந்துச்சாம். சோக் கம்பி மாட்டிக்கிச்சு, பெட்ரோலா குடிக்குது, கருப்புப் புகை. மேட்டுப்பாளையம் வந்து சேர்றப்ப காலையில பதினோரு மணி. ஊரு மொத்தமும் இருட்டு. கோழியெல்லாம் போய் அடைஞ்சுருச்சு. பள்ளிக்கூடத்துல பெல்லடிச்சு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. ஒருத்தன் ராச்சோறு தின்னுட்டுப் படுத்தே போயிட்டான். அப்பத்தான் நஞ்சப்பனக் கூப்பிட்டு ஆளு வந்துச்சாம். இவன் டைனமோ லைட்டு வெச்ச சைக்கிள்ல போனான். புகை கட்டியாயிருச்சு, சைக்கிள் போகல. அருவாள எடுத்து வெட்டி வெட்டி வழி பண்ணுனானாம். வெட்டுன கட்டியெல்லாம் ரோட்டோரமா அடுக்கி வெச்சதப் பொம்பளைங்க எடுத்துட்டுப் போயிட்டாங்க, இன்னிக்கு வரைக்கும் அந்த ஊட்டுக் கொழந்தைகளுக்கு அதுதான் கண்ணு மை.

நடுவுல காரு நின்னுச்சு. டிரைவர் உள்ளயே இருக்கான், ஆளு தெரியல, பல்லு மட்டும் தெரியுது. ஒரே வெரல்ல சோக்கத் தள்ளுனேன், அவ்வளவுதான்னான். வெளிச்சம் பளிச்சுன்னு வந்துச்சாம். படுத்தவனெல்லாம் எந்திரிச்சு மறுபடியும் பல்லு வெளக்குனானாம். அந்த வாரம் மேட்டுப்பாளையத்துக்கு மட்டும் ரெண்டு வியாழக்கிழமை.

சின்னராசு கயித்த ஒரு கையில இருந்து இன்னொரு கைக்கு மாத்திட்டு, காலண்டர்ல என்ன பண்ணுனாங்கன்னு ரொம்பச் சாந்தமாக் கேட்டாரு. கிழிச்ச தாள மறுபடியும் ஒட்டுனாங்கன்னான் நஞ்சப்பன். வேணும்னா மாசிலாமணியக் கேளுங்க, பஞ்சர் ஒட்டற சொலூசன் அவன்தான் குடுத்தான்னு என்னையும் உள்ள இழுத்துப் போட்டுட்டான்.

"கண்ணு மை இருக்கட்டுமுங்ணா," அப்பிடின்னுச்சு வசந்தாமணி. "என்ர ஜீப்புக்கு வழி சொல்லுங்க."

நஞ்சப்பன் காதுல அது விழுந்துச்சான்னு தெரியல. ரெண்டாவது பிளக்கக் கழட்டினான். அதுலயும் ஆயில். மூணாவதுலயும் ஆயில். நாலாவதக் கழட்டிப் பாத்துட்டுத் தொடைக்கற துணியாலயே மூஞ்சியத் தொடைச்சுக்கிட்டான். நல்ல சேதியச் சொல்ல நாக்கு இருக்கறவனுக்குக் கெட்ட சேதி சொல்ல வராது. அதனால இன்னொரு கதைக்குள்ள ஓடிப் போயிட்டான்.

வெள்ளியங்காட்டுப் பக்கம் ஒரு பந்தல்காரரு வேனு, ஹெட் கேஸ்கெட் போயி ரேடியேட்டர் தண்ணி சிலிண்டருக்குள்ள எறங்கிருச்சாம். வெள்ளைப் புகை ஆவியா மேல போயி, மேகமாத் தெரண்டு, அங்கியே மழை. மூணு வருசமா மழை காணாத ஊரு. இவன் புது கேஸ்கெட்டோட போயி நிக்கறான், ஊர்க்காரங்க அவன் கையப் புடிச்சுக்கிட்டாங்க. சாமி, கடலை போட்டிருக்கறோம், காய் புடிக்கற வரைக்குமாவது கையக் கட்டிட்டு இருங்கன்னு. இவன் மனசு எளகிப் போச்சு. ஊரே மொறை வெச்சுக் கொடத்துல தண்ணி கொண்டாந்து ரேடியேட்டர்ல ஊத்துச்சாம்.

தண்ணி இல்லாத ஊருல கொடத்துல தண்ணி எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டேன். முந்தின நாள் பெஞ்ச மழைத் தண்ணிதான்னான், சித்தெகூட யோசிக்காம. அப்பறம் மேலூருக்காரனுக்கும் கீழூருக்காரனுக்கும் சைலன்சர் எந்தப் பக்கம் பாக்கணும்னு தகராறு. இவன் ஒரு வளைவுக் கொழாய மாட்டி, காலையில மேற்க, சாயங்காலம் கெழக்கன்னு திருப்பி வெச்சானாம். நாப்பதாம் நாள் போதும் நிறுத்துங்கன்னு அவங்களே வந்து கும்பிட்டாங்க. கேஸ்கெட் மாட்டறதுக்கு முன்ன சைலன்சரத் தட்டுனா, உள்ள இருந்து ரெண்டு கெளுத்தி மீனு விழுந்துச்சாம். கொழம்பு வெச்சோம், கொஞ்சம் பெட்ரோல் வாசம், மத்தபடி ருசின்னான்.

எனக்கே சிரிப்பு வந்துருச்சு. வசந்தாமணி சிரிக்கல. கிட்ட வந்து, அவன் வரிசையா வெச்சிருந்த நாலு பிளக்கையும் பாத்துச்சு. "நீலப் புகைக்கு என்ன கதைங்ணா?"

நஞ்சப்பன் தலையக் குனிஞ்சுட்டே சொன்னான். நாலு பிளக்குலயும் ஆயில் அம்மிணி. பிஸ்டன் ரிங் போயிருச்சு. போர் தேஞ்சுருக்கும். எறக்கித்தான் ஆகணும்.

வசந்தாமணி முந்தானை முடிச்ச அவுத்துச் சாவிய எடுத்துச்சு. எடுத்து மட்கார்டு மேல வெச்சுது. வெச்ச கைய எடுக்க மாட்டாம நின்னுச்சு. இந்த வண்டி வாங்கறதுக்கு முன்ன நாலு வருசம் லாரிக்காரன் எப்ப வருவான்னு ரோட்டோரம் கட்டோட நின்னிருக்கறேன்னு சொல்லுச்சு. அவன் வந்தா வருவான், வராட்டி இல்ல. கருவேப்பிலை வெயில் ஏறுனா வதங்கிரும். வதங்குனதக் கொண்டாந்து மண்டியில கெஞ்சணும். வண்டி வந்தப்பறம் யாருகிட்டயும் கெஞ்சல. மறுபடியும் அங்க போய் நிக்கறதுக்கு வெக்கமா இருக்குதுங்ணான்னு சொல்லிட்டுக் கண்ணத் தொடைச்சுக்கிச்சு.

சின்னராசு நல்ல மனுசந்தான், பரிதாபமாத்தான் பாத்தாரு. பாத்துட்டே குனிஞ்சு கயித்த முன் பம்பர்ல கட்ட ஆரம்பிச்சாரு.

நஞ்சப்பனுக்கு அழுகற பொம்பளையப் பாத்தா தாங்காது. தெம்பு சொல்லத் தெரியாது, புளுகத்தான் தெரியும். அம்மிணி, மனச உட்ராதீங்கன்னு பம்பர் மேல ஏறி நின்னுட்டான். இதவிட மோசமான எஞ்சினு பாத்திருக்கறேன். ஒரு மிராசுதாரரு காரு, நீலப் புகை அப்பிடியே வானத்துல போயி ஒட்டிக்கிச்சு. வானம் அதுக்கு முன்ன என்ன நெறம்னு நெனைக்கறீங்க, பழுப்பு. சர்வே டிபார்ட்மெண்டுல இருந்து வந்து வானத்த அளந்துட்டுப் போனாங்க. எல்லா மெக்கானிக்கும் கைய விரிச்சுட்டான். நான் ஒண்ணும் பண்ணல. ஸ்பேனர் தொடல. எஞ்சினப் பாத்து ஒரே வார்த்த, அடங்குன்னேன். அடங்குன்னு சொல்லி இப்பிடி ஒரு தட்டு தட்டுனேன், பாருங்க.

சொல்லிட்டுத் தட்டுனான். அவன் கை போய் விழுந்தது கார்பரேட்டருக்குப் பக்கத்துல இருக்கற ஏர் கிளீனர் மேல. இந்தப் பழைய ஜீப்புல ஏர் கிளீனருக்கு அடியில ஒரு சட்டி இருக்குமுங்க. அதுல ஒரு கோடு வரைக்கும் எஞ்சின் ஆயில் நிக்கும். எஞ்சினுக்குப் போற காத்து அதும் மேல போறப்ப தூசி ஆயில்ல ஒட்டிக்கும். கோடு வரைக்குந்தான் இருக்கணும். அவன் தட்டுன தட்டுல கிளிப்பு தெறிச்சுச் சட்டி சாஞ்சு, ஆயில் பொளிச்சுன்னு அவன் மூஞ்சியில இருந்து வேட்டி வரைக்கும் ஊத்துச்சு. ஊத்தி முடிஞ்சும் சட்டியில பாதி மிச்சம் இருந்துச்சு.

நஞ்சப்பன் பம்பர்ல இருந்து மெதுவா எறங்குனான். சட்டியப் பாத்தான். கோட்டப் பாத்தான். அவன் கண்ணு இப்பத்தான் வேலைக்கு வந்துச்சு. அந்த ஆயில எஞ்சினு காத்தோட சேத்து உறிஞ்சிக் குடிச்சிருக்குது. அதுதான் பிளக்குல ஆயில், அதுதான் நீலப் புகை. ரிங்கும் போகல, போரும் தேயல. வாரக் கடைசியில ரொம்பி வழியுது, நடு வாரத்துல குடிச்சுத் தீந்து கொறையுது. இவ்வளவும் அவன் வாய்ல சொல்லல, மூஞ்சியிலயே ஓடுச்சு. வாய் தொறந்தப்ப, எந்த முட்டாப் பையன் இதுல இவ்வளவு ஊத்துனதுன்னுதான் வந்துச்சு.

"நாந்தானுங்ணா ஊத்துனேன்," அப்பிடின்னுச்சு வசந்தாமணி. சீட்டுக்கு அடியில இருந்து ஒரு ஆயில் டப்பாவும் பித்தளை உழக்கும் எடுத்துக் காட்டுச்சு. "நீங்கதானுங்க சொன்னீங்க."

போன ஆவணியில கிளட்சு வேலைக்கு வந்தப்பவாம். ஒரு ஜமீன் காரு எஞ்சினு எம்பது வருசம் ஓடி, தலை நரைச்சு, பேரன் பேத்தி எடுத்த கதைய நஞ்சப்பன் சொல்லியிருக்கான். அதுக்கு என்ன மருந்துன்னா, இந்தச் சட்டியத் தொட்டுக் காட்டி, சனிக்கிழமை தவறாம இதுல ஒரு உழக்கு எண்ணெய், வேற ஒண்ணுமில்லன்னு சொல்லியிருக்கான். பழசக் கொட்டிட்டுப் புதுசு ஊத்தணும்னு சொல்லல. கோடுன்னு ஒண்ணு இருக்கறதையும் சொல்லல. வசந்தாமணி அன்னியில இருந்து ஒரு சனிக்கிழமை விடல. காய்ச்சல்ல கெடந்தப்பக்கூட எந்திரிச்சு வந்து ஊத்தியிருக்குது. இன்னிக்குக் காலையிலயும் ஊத்திட்டுத்தான் வந்துச்சு.

நான் கேட்டேன், ஏனம்மிணி, இந்தாளு பேசறதுல எதையாவது இந்த ஊருல ஒருத்தராவது நம்புவாங்களா, நீ போய் நம்பலாமான்னு.

"எஞ்சினுக்குத் தலை நரைச்சதெல்லாம் புளுகுன்னு தெரியுமுங்க," அப்பிடின்னுச்சு. "இது வேலையப் பத்திச் சொன்னதாச்சேன்னு நம்புனேன்."

நஞ்சப்பன் மூஞ்சியில இருந்து ஆயில் சொட்டிட்டே இருந்துச்சு, தொடைக்கல. பதினெட்டு வருசத்துல அவன் பேச்சில்லாம நின்னு நான் பாத்தது அன்னிக்குத்தான். நான் அவன ஓட்டறதுக்கு வாயெடுத்தேன், பாவமா இருந்துச்சு, விட்டுட்டேன்.

அப்பறம் அவன் வேலை செஞ்சான் பாருங்க, அதப் பாக்கணும். சட்டியப் பெட்ரோல்ல கழுவி, தொடைச்சு, கோடு வரைக்கும் அளந்து ஊத்துனான். வசந்தாமணியக் கூப்பிட்டுக் கோட்டத் தொட்டுக் காட்டுனான், ஒரு வார்த்தைகூட எச்சாப் பேசல. நாலு பிளக்கையும் சுரண்டிக் காய வெச்சு மாட்டினான். ஸ்டார்ட் பண்ணுனா குபுகுபுன்னு மறுபடியும் நீலப் புகை. வசந்தாமணிக்கு மூஞ்சி செத்துப் போச்சு. உள்ள தங்குனது எரிஞ்சு தீரட்டும் அம்மிணி, பொறுங்கன்னான். பொறுத்தோம். சின்னராசு கயித்த அவுக்காமயே கையில புடிச்சுட்டு நின்னாரு. கால்மணி நேரம் ஆச்சு. புகை மெலிஞ்சுச்சு, வெளுத்துச்சு, அப்பறம் எங்க கடைப் பலகையில என்ர பேரு தெரிஞ்சுது. சைலன்சர்ல ஒண்ணுமே வரல. சின்னராசு பம்பர்ல இருந்து கயித்த அவுத்துச் சுருட்டித் தோள்ல போட்டுட்டு, வாழ்க்கையில மொதத் தடவையா வெறுங்கையோட போனாரு.

அதோட நஞ்சப்பன் திருந்திருப்பான்னு நெனைச்சேன். ஒரு நாலு நாள் கம்முனுதான் இருந்தான். தகரத்துக்கு இந்தப் பக்கம் எனக்கே ஊரு மாறி வந்த மாதிரி இருந்துச்சு.

அஞ்சாம் நாள் வசந்தாமணி மண்டியில கட்ட எறக்கிட்டு, காத்தடிக்க எங்க கடைக்கு வந்துச்சு. தகரத்துக்கு அந்தப் பக்கம் பழைய ஸ்கூட்டர் ஒண்ணோட ஒரு வாத்தியாரு நின்னாரு. நஞ்சப்பன் ஆரம்பிச்சுட்டான். ஒரு ஜீப்பு வந்துச்சுங்க வாத்தியாரே, நீலப் புகை, பத்து மெக்கானிக் பாத்துட்டுப் போருன்னுட்டான். நான் தூரத்துல இருந்தே மோந்தேன், இது சனிக்கிழமை வாசமாச்சேன்னேன். ஏர் கிளீனரத் தொறந்தா எண்ணெய் பொங்கி ரோட்டுல ஓடுது. காரமடைத் தேரு சக்கரத்துக்குப் போட்டது போக, மூணு ஊருல மூணு நாள் வெளக்கெரிச்சாங்க. எல்லாம் எதனாலங்கறீங்க, எவனோ ஒரு புளுகுணி மெக்கானிக் சொன்ன பேச்சக் கேட்டு அந்தப் பொம்பள வாராவாரம் ஊத்தியிருக்குது. அவன மட்டும் நான் பாத்தேன்னா.

வாத்தியாரு ரொம்ப ஆர்வமா, யாருங்க அந்த மெக்கானிக்னு கேட்டாரு.

நான் காத்துக் கொழாயப் புடுங்கிட்டேன். வசந்தாமணி ஜீப்புல ஏறி, சாவியத் திருப்பி, தகரத்துக்கு அந்தப் பக்கம் தலைய நீட்டுச்சு.

"எனக்குத் தெரியுமுங்க வாத்தியாரே. நல்ல மனுசன். வாய மூடிட்டு இருக்கறப்ப அவர மாதிரி மெக்கானிக் இந்த ரோட்டுலயே கெடையாது."

ஜீப்பு கெளம்பிப் போச்சு. பின்னாடி ஒரு துளிப் புகை இல்ல. நஞ்சப்பன் வாயத் தொறந்தான், வாத்தியாரப் பாத்தான், ஸ்கூட்டரப் பாத்தான். அப்பறம் குந்தி உக்காந்து, ஒண்ணும் பேசாம ஏர் கிளீனர மொதல்ல கழட்டுனான்.